பாலைவனத்தில் ஏழு ஏடிவிகள்: யார் கடைசியில் வருவது?

கேள்வி இதுதான். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து பாலைவனத்தில் ஒரு நாள் முழுக்க ஏடிவி ஓட்டப் போகிறீர்கள், அதாவது மோட்டார் சைக்கிள்போல ஏறி உட்கார்ந்து ஓட்டும், கரடுமுரடான நிலத்துக்கான நான்கு சக்கர வண்டி. நான்கு பேர் ஓரளவு ஓட்டிப் பழகியவர்கள், மூன்று பேருக்கு இதுதான் முதல் முறை. பாறை, வறண்ட ஓடை, மணல்மேடு எல்லாம் கலந்த கரடுமுரடான தடம். தொழில்முறை வழிகாட்டி கிடையாது. உங்களில் ஒருவருக்கு மட்டும் வழி தெரியும். எப்படித் தயாராவது, எவ்வளவு வேகம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஒரு நண்பர் தம் பன்னிரண்டு வயது மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை: கூடாது. ஏடிவியின் இருக்கை நீளமாக இருப்பதைப் பார்த்து இரண்டு பேர் உட்காரத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுபவர் மேடேறும்போது முன்னால் நகரவும், இறங்கும்போது பின்னால் நகரவும் விட்ட இடம் அது. வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுபவரின் உடம்பு. அந்த எடை வண்டியின் உச்சியில் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டியின் சமநிலையும் போகும். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் உங்களால் நகர முடியாது, அவருக்கோ எப்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரியாது. இருவர் அமரவென்றே தயாரித்த மாதிரிகள் உண்டு. அவற்றில்கூடப் பின்னால் இருப்பவரின் பாதம் கால்வைக்கும் இடத்தில் நன்றாக ஊன்ற வேண்டும். பெரியவர்களுக்கான வண்டிகளில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்கும். ஆகவே ஓட்டக் கொடுத்துப் பார்க்கலாமா என்ற அடுத்த கேள்வியும் வேண்டாம்.

இந்த வண்டி கவிழக்கூடியது என்பதை அதன் வரலாறே சொல்லும். 1970-இல் ஹோண்டா முதலில் விற்றது மூன்று சக்கர வண்டி. பலூன் போன்ற டயர்களோடு விளையாட்டுப் பொருள்போல இருக்கும். திருப்பங்களில் அது எளிதில் சாய்ந்ததால் காயங்களும் மரணங்களும் பெருகின. 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையே நிறுத்தப்பட்டது. அதற்குள் சுஸூகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்திருந்தது. நான்கு சக்கரம் இருக்கிறதே என்று மனம் நம்பிவிடுகிறது, அதுதான் சிக்கல். அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர், அடிப்பகுதியோ பாறையில் இடிக்காதபடி தரையிலிருந்து தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. குறுகிய அகலமும் உயரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. வேகம், உடை, தண்ணீர் என்று நீங்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: யார் கடைசியில் வருவது? பெரும்பாலான குழுக்கள் நன்றாக ஓட்டுபவரை முன்னால் விடுகின்றன. முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர், வண்டியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர், பதற்றப்படாதவர் யாரோ அவர்தான் கடைசியில் வர வேண்டும். கருவிப்பையும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்க வேண்டும். விழுந்தவர், நின்றவர், பஞ்சரானவர் எல்லோரும் அவர் கண்ணில்தான் படுவார்கள். வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும். அவர் அபாரமாக ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை, பொறுமை இருந்தால் போதும். அவருக்கு நேர் பின்னால் முதல் முறை ஓட்டும் மூவர். அவர்களின் வேகம்தான் குழுவின் வேகம். ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வருபவர்கள் அலுத்துக்கொள்வார்கள், அலுத்துக்கொள்ளட்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் ஒரு முறை ஆளைத் தொலைத்திருக்கிறேன். எட்டு பேர் போயிருந்தோம். நான்தான் முன்னால். திறந்த சரளைக்கல் வெளி; வேகம் தானாக வந்துவிட்டது. ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது, இரண்டிலும் பழைய டயர்த் தடங்கள். நான் இடப்புறம் திரும்பினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் புழுதியைப் பார்த்துத் திரும்பினார்கள். கடைசியில் வந்தவர் காகிள்ஸில் (கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி) படிந்த மண்ணைத் துடைக்க அரை நிமிடம் நின்றிருக்கிறார். அவர் பிரிவுக்கு வந்தபோது புழுதி அடங்கிவிட்டது. வலப்புறத் தடம் கொஞ்சம் அகலமாக இருந்தது, அதில் போய்விட்டார். நாங்கள் அடுத்த நிழலில் நின்று தலையை எண்ணியபோது ஏழு. அப்போதும் யாரும் பதறவில்லை. வந்துவிடுவார் என்று தண்ணீர் குடித்தோம். பத்து நிமிடம் கழித்துத்தான் வயிற்றைப் பிசைந்தது. திரும்பிப் போய், பிரிவில் ஒருவரை நிறுத்திவிட்டு, வலப்புறத் தடத்தில் இருவர் போனோம். நாற்பது நிமிடம் ஆனது. அவர் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, வண்டி விழுத்திய கையகல நிழலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டை இருக்கைமேல் கவிழ்த்து வைத்திருந்தார், தூரத்திலிருந்து தெரியட்டும் என்று. எங்களைத் தேடிக்கொண்டு இன்னும் உள்ளே போயிருந்தால் எரிபொருளும் போயிருக்கும், ஆளும் போயிருப்பார். அன்று சரியாக நடந்துகொண்டது அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு நான் போகும் எந்தக் குழுவிலும் ஒரு விதி உண்டு. தடம் பிரியும் இடத்தில், உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை நீங்கள் நகரக் கூடாது. அவர் உங்களைப் பார்த்து, எந்தப் பக்கம் என்று புரிந்துகொண்டு கையை அசைத்த பிறகுதான் போக வேண்டும். அவரும் அடுத்தவருக்காக அப்படியே நிற்பார். பின்னால் ஆள் வரவில்லை என்றால் நீங்கள் நின்றுவிடுவீர்கள். நீங்கள் வரவில்லை என்று உங்கள் முன்னால் இருப்பவர் நிற்பார். இப்படியே நின்று நின்று கடைசியில் வழிகாட்டியும் நிற்பார். சங்கிலி தானாகவே இறுகும். யாரும் முன்னால் இருப்பவரைத் துரத்த வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் பொறுப்பு ஒரே ஒரு ஆள், தமக்குப் பின்னால் வருபவர். வழி தவறியதாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் புறப்படுமுன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: அங்கேயே நில், இன்ஜினை அணை, வண்டியை விட்டு நகராதே. வண்டி ஆளைவிடப் பெரியது, தேடுபவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

தலைக்கவசத்துக்குள் வாக்கிடாக்கி பொருத்திக்கொண்டால் இதெல்லாம் தேவையில்லையே என்று யாராவது சொல்வார்கள். இருந்தால் நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு மேட்டின் மறுபக்கம் இறங்கியதும் சத்தம் அறுந்துபோகும், பேட்டரி தீரும். எல்லாவற்றையும்விட, கருவியை நம்பி யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைச்சைகை எந்தக் காலத்திலும் செத்துப்போகாது. ஆக்சிலரேட்டர் வலது கட்டைவிரலில் இருப்பதால் சைகைகள் எல்லாம் இடது கையில்தான். கை உயர்ந்தால் நில். எதிரே இன்னொரு குழு வந்தால் உங்களுக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் வருகின்றன என்பதை விரல்களால் காட்டுவது வழக்கம். கடைசியில் வருபவர் விரல்களை மடக்கிக் கையை மூடிக் காட்டுவார், இனி யாரும் இல்லை என்று பொருள். குறுகிய வளைவில் எதிரெதிரே வரும் இரண்டு குழுக்களைக் காப்பாற்றுவது இந்த விரல் கணக்குதான்.

அந்தக் கட்டைவிரல் ஆக்சிலரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு முதலில் அது எரிச்சலாக இருக்கும். ஏன் முறுக்கும் கைப்பிடி வைக்கவில்லை? கரடுமுரடான தரையில் வண்டி குலுங்கும்போது உடம்பு பின்னால் தள்ளப்படும். கையால் இறுகப் பற்றுவோம். முறுக்குப் பிடியாக இருந்தால் அந்தப் பற்றலே வேகத்தைக் கூட்டிவிடும், அதனால் உடம்பு இன்னும் பின்னால் போகும். கட்டைவிரல் அமைப்பில் கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் வேகம் கூடாது. பாதி நாளில் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கும். அப்போது நடுநடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் இளைப்பாறும்.

இரண்டு காலும் எப்போதும் கால்வைக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். இதுவும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத்தான். வண்டி சாயும்போது அனிச்சையாகக் காலை ஊன்றுவார்கள். ஏடிவியில் ஊன்றிய காலின்மேல் உங்கள் வண்டியின் பின்சக்கரமே ஏறிவிடும். முழங்கால், கணுக்கால் முறிவுகளில் நான் பார்த்தவை பலவும் இப்படி வந்தவைதான். கணுக்காலுக்கு மேலே போகும் கெட்டியான பூட்ஸ், முழுக்கை, முழுக்கால் உடை, கையுறை, முகத்தை மூடும் ஹெல்மெட், காகிள்ஸ். மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி. உடை விஷயத்தில் இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வெயிலாக இருக்கிறதே என்று அரைக்கால் சட்டையில் வருபவரை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

புழுதி வெறும் தொல்லை இல்லை, பார்வையை மறைக்கும் திரை. முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள் நீங்கள் இருந்தால், அவர் பிரேக் பிடித்தது உங்களுக்குத் தெரியாது. அது அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். காற்று குறுக்கே வீசினால் காற்று வரும் பக்கமாகச் சற்று விலகி ஓட்டலாம். மீட்டர் கணக்கில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். தடத்தில் கிடக்கும் கல் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மதியம் நின்று சாப்பிடும்போது ஏர்ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஏழு வண்டிகளில் ஆறாவது, ஏழாவது வண்டியின் ஃபில்டர் முதல் வண்டியுடையதைவிட மோசமாக இருக்கும்.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். தடம் தான் அனுமதிக்கும் வேகத்தைத் தானே சொல்லும். உங்களால் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பாறைத் தடத்தில் பல நேரம் நடப்பவரின் வேகம்தான் கிடைக்கும். அங்கே லோ கியர் (வேகம் குறைவு, இழுவை அதிகம்), நான்கு சக்கர இயக்கம். எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, வண்டியைக் காலுக்கடியில் ஆடவிட்டு ஓட்டுங்கள். பெரிய கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தாண்டலாம் என்று தோன்றும். அடிப்பகுதி இடிக்கும். ஒரு பக்கச் சக்கரத்தை மெதுவாக அதன்மேல் ஏற்றி இறக்குவது மேல், வண்டி சாய்ந்தாலும் அடி வாங்காது.

பக்கவாட்டுச் சரிவில் குறுக்கே போவதுதான் எனக்கு இன்னும் பயம் தருகிற இடம். மேட்டுப் பக்கம் உடம்பைச் சாய்த்து, மேட்டுப் பக்கத்துக் காலில் எடையைப் போட வேண்டும். வண்டி இலேசாகச் சாயத் தொடங்குவது உங்கள் இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். அந்த நொடியில் முன்சக்கரத்தைச் சரிவின் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும், அதாவது வண்டி விழ நினைக்கும் திசையிலேயே. மனம் அதைத் தடுக்கும். மேட்டுப் பக்கம் திருப்பச் சொல்லும். மனம் சொல்வதைக் கேட்டவர்கள் உருண்டிருக்கிறார்கள். புதிதாக வருபவர்களைச் சரிவில் குறுக்கே கூட்டிப்போகவே வேண்டாம், சுற்றுவழி எப்போதும் இருக்கும்.

மேடேறும்போது பாதியில் வேகம் செத்துப்போனால்? உடம்பை முன்னால் கொண்டுவந்து முன்பிரேக்கைப் பிடியுங்கள். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியபின் பின்பிரேக்கை மட்டும் அமுக்கினால் முன்பக்கம் எழும்பி வண்டி உங்கள்மேல் வந்துவிடும். நின்றபின் மேட்டுப் பக்கமாக இறங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வருபவரின் உதவியோடு திருப்புவது அடுத்த வேலை. இதனால்தான் ஒரு மேட்டில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிக்குமேல் ஏறக் கூடாது. மேலே போனவர் கையைக் காட்டிய பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். இறங்கும்போது பின்னால் நகர்ந்து, லோ கியரில், இன்ஜின் பிடிப்பில், அதாவது இன்ஜினே சக்கரத்தின் வேகத்தை அடக்கும்படி இறங்குங்கள். கியர் மாற்றத் தேவையில்லாத பெல்ட் வண்டிகள் சிலவற்றில் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டுவிட்டால் இன்ஜின் பிடி அறுந்து வண்டி தானாக ஓடத் தொடங்கும். விரலை இலேசாக வைத்திருந்தால் பிடி நிற்கும். உங்கள் வண்டி எப்படி என்பதைச் சிறு சரிவில் முதலிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

மணல்மேடுகள் தனி உலகம். காற்று வரும் பக்கம் சரிவு மெல்லியது, பத்துப் பதினைந்து பாகைதான் இருக்கும். மணலும் அங்கே இறுகிக் கிடக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுந்து விழுந்து உருவான முகம், ஏறக்குறைய 32 முதல் 34 பாகை. உலர்ந்த மணல் அதற்குமேல் செங்குத்தாக நிற்காது. ஆக, நீங்கள் மெல்லிய சரிவில் உல்லாசமாக ஏறிக்கொண்டிருப்பீர்கள், முகடு கத்திமுனைபோல இருக்கும், அதைத் தாண்டியதும் தரை இருக்காது. வேகமாக வந்தவர் காற்றில் பறப்பார். பயந்துபோய் முகட்டிலேயே நின்றவரின் வண்டி அடிவயிறு மணலில் உட்கார்ந்து நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுழலும். முகட்டை நேராகக் குத்தாமல் சற்றுச் சாய்கோணத்தில் நெருங்குங்கள். மறுபக்கம் தெரியும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து எட்டிப் பாருங்கள். பார்த்தபின் இறங்குவது என்று முடிவு செய்தால் நேர்க்கோட்டில் இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். இறக்கத்தின் நடுவில் பிரேக்கை இறுக்காதீர்கள். மணல் உங்களோடு சேர்ந்தே வழுக்கிக்கொண்டு வரும், அதன் போக்கில் விட்டால் வண்டி நேராக நிற்கும். ஏறும்போது மேலே எட்ட மாட்டோம் என்று தோன்றினால், இழுவை முழுவதும் சாவதற்கு முன்பே அகலமாக வளைந்து திரும்பிக் கீழே வந்துவிடுங்கள். மறுபடி ஓடிவந்து ஏறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் அதே முகட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் நீண்ட கம்பியில் கொடி. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளில் தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் கொடி பறந்தாக வேண்டும் என்பது விதி. விதி இல்லாத இடத்திலும் ஏழு வண்டிகளிலும் கட்டிவிடுங்கள். வண்டிக்கு முன்னால் கொடி முகட்டில் முளைக்கும், அந்த இரண்டு நொடிதான் உங்களுக்கு வேண்டியது.

உச்சி வெயிலில் மணல்மேட்டுப் பக்கமே போகாதீர்கள். வெப்பம் ஒரு காரணம்தான். சூரியன் தலைக்குமேல் நிற்கும்போது மணலில் நிழல் விழாது. பள்ளமும் மேடும் ஒரே வெளிர்நிறத்தில் கலந்து தட்டையாகத் தெரியும். காற்று குடைந்த கிண்ணம் போன்ற பள்ளங்கள் சக்கரம் விழுந்த பிறகுதான் கண்ணில் படும். காலையில் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பும் கோடு போட்டதுபோலத் தெரியும். இரவின் குளிர்ச்சியில் மணலும் கொஞ்சம் இறுகியிருக்கும். எனவே உங்கள் நாளை இப்படிப் பிரிக்கலாம்: விடிந்ததும் மணல், வெயில் ஏறுமுன் பாறைத் தடம், உச்சிவேளையில் நிழலும் ஓய்வும், மாலையில் இருட்டுவதற்கு இரண்டு மணிநேரம் முன்பே திரும்பிவிடுவது.

மணலில் நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. பிரேக் பிடித்து நின்றால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும், கிளம்பும்போது அதையே ஏறியாக வேண்டும். விரலை விட்டுவிட்டு வண்டி தானாக ஓடி நிற்கட்டும், முடிந்தால் முன்பக்கம் இறக்கத்தைப் பார்த்தபடி. சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் உங்கள் குழியை ஆழமாக்குகிறது. இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரி ஒதுக்கி, இருவர் பின்பக்கத்தைத் தூக்கி ஒருபுறம் நகர்த்தி வைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

பாதிச் சிக்கல் டயரில் உள்ள காற்றோடு தீர்ந்துவிடும். ஏடிவி டயர் குறைந்த அழுத்தத்தில் ஓடுவதற்கென்றே செய்தது. சாதாரணத் தடத்தில் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்தக் கணக்கு) அளவில் இருக்கும். மணலில் 3 அல்லது 4 வரை இறக்கினால் டயர் பரந்து மிதந்துகொண்டு போகும். அதே டயரோடு பாறைக்குள் நுழைந்தால் ரிம் அடிபடும், திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றும் போகலாம். உங்கள் தடத்தில் இரண்டும் இருப்பதால் மாறும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று காற்றை மாற்றத்தான் வேண்டும். கார் டயருக்கான அளவுகோல் இதற்கு உதவாது. இவ்வளவு சிறிய எண்களை அது சரியாகக் காட்டாது. குறை அழுத்த அளவுகோல் ஒன்றும் சிறிய காற்றடிக்கும் இயந்திரமும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வண்டியாக இருந்தால் வண்டியோடு வரும் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள், பிரேக்கை நீங்களே இரண்டு முறை சோதியுங்கள். ஒரு முறை வாடகை வண்டியில் பின்பிரேக் கம்பி ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். குனிந்து பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

வறண்ட ஓடைப்படுகை ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும்: அகலமான மணல், இருபுறமும் கரை, கரையோரம் நிழல். அங்கே நின்று சாப்பிடலாமே என்றும் தோன்றும். வேண்டாம். உங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கலாம், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை அந்தப் படுகை வழியாகத்தான் வரும். பாலை மண் மழைநீரைச் சட்டென்று உறிஞ்சாது. அத்தனையும் ஓடையில் பாயும். மேல்திசையில் மேகம் கறுத்தால் படுகையில் இறங்காதீர்கள். இறங்கியிருந்தால் கரையேறிவிடுங்கள்.

தண்ணீர். வெப்பப் பாலையில் ஓட்டும் நாளில் ஆளுக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்த அளவு. கோடையில் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நின்றுபோனால் இரவுக்கும் சேர்த்து. காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தோலில் தங்காது, வியர்க்கவே இல்லை என்று நினைப்பீர்கள். சட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, உடம்பில் உப்பு குறைந்துவிடும். உப்புள்ள தின்பண்டமோ உப்புக் கரைசலோ சேர்ந்து போகட்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரே வண்டியில் கட்டாதீர்கள், அந்த வண்டிதான் தொலையும்.

ஒருவர் தலைவலி, குமட்டல் என்று சொன்னால் நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, நீர் கொடுத்து ஓய்வெடுக்க விடுங்கள். ஆனால் அவர் குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அது வெப்பத் தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதுதான். உடனே உடம்பை நனைத்து விசிறிக் குளிர்விக்க வேண்டும், இருக்கிற தண்ணீரை ஊற்றத் தயங்கக் கூடாது. அதே நேரத்தில் உதவிக்கும் அழைக்க வேண்டும். கைப்பேசிக் கோபுரம் அங்கே இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றாவது குழுவில் இருக்கட்டும், அது கடைசியில் வருபவரிடம் இருக்கட்டும். எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். போகிற போக்கில் வாயால் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது.

எரிபொருளுக்கு நான் மூன்றில் ஒரு பங்குக் கணக்கு வைத்திருக்கிறேன்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி கையிருப்பு. மணலில் வண்டி குடிக்கும் அளவு வேறு, நிறுவனம் சொல்லும் கணக்கை அங்கே நம்ப முடியாது. ஏழு வண்டிகளில் சிறிய டாங்க் எதுவோ அதை வைத்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். கருவிகளில் டயர் பஞ்சர் ஒட்டும் சாதனம், இழுவைப் பட்டை, ஸ்பார்க் பிளக், பெல்ட் வண்டி என்றால் மாற்றுப் பெல்ட், அதை மாற்றும் கருவி. இழுவைப் பட்டையை வண்டியின் முன் கம்பித் தடுப்பில் கட்டாதீர்கள், பிய்ந்து பறந்து வரும். வண்டியின் இரும்புச் சட்டகத்தில் அதற்கென்று உள்ள கொக்கியில் மாட்டுங்கள். பட்டை இறுகும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் புதியவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள், இருக்கிற தடத்தை விட்டு விலகாதீர்கள் என்று. பாலை நிலத்தில் ஒன்றும் இல்லை, எங்கே ஓட்டினால் என்ன என்று தோன்றும். பல இடங்களில் மேல்மண் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து பின்னிய உயிருள்ள தோல் அது, மண்ணைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்துவைத்திருப்பது அதுதான். ஒரு சக்கரம் ஏறினால் பொடியாகிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் தொடங்கி, கலிஃபோர்னியாப் பாலையில் பயிற்சி எடுத்த அமெரிக்க டாங்குகளின் தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. உங்கள் நண்பர் வேடிக்கைக்காகப் போடும் ஒரு வட்டம் அவர் பேரனின் காலத்திலும் இருக்கலாம். மணல்மேடுகளில் இந்தக் கவலை குறைவு, காற்று இரவோடு இரவாகத் துடைத்துவிடும். சரளை வெளியும் பொருக்கு மண்ணும்தான் மறக்காதவை.

முதல் முறை ஓட்டும் மூவருக்கும் முதல் நாள் மாலையே ஒரு தட்டையான வெளியில் ஒரு மணிநேரம் கொடுங்கள். எட்டு வடிவத்தில் மெதுவாக ஓட்டட்டும். பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுழலும், அதனால் வண்டி நேராகப் போகத்தான் விரும்பும். திருப்பத்தில் உடம்பை உட்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலில் அழுத்தினால்தான் வளையும். இது சொல்லி வராது, இடுப்பு கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு சைகைகளைப் பழகுங்கள். இன்ஜினை உடனே நிறுத்தும் பொத்தானை மூவரும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்ட வேண்டும். அந்த ஒரு மணிநேரத்திலேயே யாராவது ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்காமல் வேகம் காட்டுவார். அவரை வழிகாட்டிக்கு நேர் பின்னால் போடுங்கள். கடைசியில் வருபவர் யார் என்பதையும் அன்று மாலையே, எல்லோர் முன்னிலையிலும், அவர் பெயரைச் சொல்லி முடித்துவிடுங்கள். காலையில் இன்ஜின்கள் உறுமத் தொடங்கிய பிறகு அந்த இடத்துக்கு யாரும் கையைத் தூக்க மாட்டார்கள்.